சாட்சிக் கையெழுத்து

ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல, நடுவுல ஒரு வார்த்தை வரக்கூடாது. காலையில கோர்ட்டு வாசல்ல வண்டிய நிறுத்துன கையோட மேனேஜர் ராஜாங்கம் சார் எனக்கு ஓதுன வேதம் இதுதான். "லெட்டரக் காட்டுவாங்க ஜெயக்கொடி. கீழ சாட்சின்னு போட்டிருக்கே, உன் கையெழுத்தான்னு கேப்பாங்க. ஆமா. அந்தம்மா பையில சேலை இருந்துச்சான்னு கேப்பாங்க. ஆமா. அம்புட்டுத்தான், இறங்கி வந்துரு." அம்புட்டுத்தானாம்! மனுசன் ஜவுளிக்கடையிலயே கிடந்து கிடந்து கோர்ட்டையும் கவுண்டர்னு நினைச்சுட்டாரு, இந்தப் பக்கம் பில்லு, அந்தப் பக்கம் கவரு, அடுத்த ஆள் வாங்க. ரெண்டு ஆமாவும் பொய்யில்ல, அதுதான் சிக்கலே. பொய் சொல்லச் சொல்லியிருந்தா "போங்க சார், நமக்கு அது பழக்கமில்ல"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? எங்க சொல்ல, வீட்டுலதான் எனக்கு வாயி. நெசத்தச் சொல்லுன்னு சொல்றவருகிட்ட என்னத்தப் போயி சண்டை போடுறது? மணி பத்தரை ஆகுது. பெஞ்சு முழுக்க ஆளு, எவனோ வெத்தலை போட்டுத் துப்புன செவுத்துல சாஞ்சிராம முதுக நிமித்தி உக்காந்திருக்கேன். டவாலி வாசல்ல நின்னு ஒவ்வொரு பேரையும் மூணு தடவ கத்துறாரு. மூணாவது தடவைக்கும் ஆளு வரலேன்னா வக்கீலுங்க "வர்றாங்கய்யா, வர்றாங்கய்யா"ன்னு கவுனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுறாங்க. என் பேரையும் அப்படித்தான் கத்துவாரா? கடையில எனக்குப் பேரே கிடையாது, டெலிவரி. "டெலிவரி, இந்த டோக்கனப் பாரு." "டெலிவரி, பேச்சக் குறை." பதினாறு வருசத்துல இன்னைக்குக் காலையிலதான் ராஜாங்கம் சார் வாயில ஜெயக்கொடின்னு வந்துச்சு. அது வந்தப்பவே எனக்குப் பயம் வந்துருச்சு.

எதுக்க தூணுக்குக் கீழ வாட்ச்மேன் வீரணண்ணே குத்தவச்சிருக்காரு. வலது உள்ளங்கையில ஏழு தையல் போட்ட தடம், பீடிய இடது கையில பிடிக்கப் பழகிட்டாரு. இந்தக் கேஸே அவரு கையாலதான். தை மாசம், ஒரு புதன்கிழமை. லூர்துசெல்விங்கிற அந்தம்மா மக கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மாப்பிள்ளை வீட்டாளுகளோட வந்திருக்கு. கடையத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை வீடு. அந்தம்மா வேற கடைக்குப் போலாம், வேற கடைக்குப் போலாம்னு தெரு முக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்துச்சாம். எங்க வாசல்ல வாட்ச்மேன் ஸ்டூலுக்கு மேல அந்தம்மா போட்டோ ஒட்டியிருக்கு, 'கடைக்குள் அனுமதி இல்லை'ன்னு. வீரணண்ணே முறைய மீறாத ஆளு. "எல்லாரும் போங்க, நீங்க மட்டும் வெளிய நில்லுங்கம்மா"ன்னுருக்காரு. ஏன்னு கேட்டது மாப்பிள்ளையோட அம்மா. கேட்டா அவரு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம், மூதேவி ஏறி உக்காந்த நாக்கு, "பழைய திருட்டு விசயம்மா"ன்னு சொல்லிட்டாரு. அந்தம்மா அவரு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சுத் தள்ளுச்சு பாருங்க, மனுசன் கண்ணாடிக் கதவோட சேந்து உள்ள வந்து விழுந்தாரு. நான் டெலிவரி கவுண்டர்ல இருந்து பாத்தேன். வெள்ளை டைல்ஸ்ல ரத்தம், கண்ணாடிச் சில்லு, அந்தம்மா நடுவுல நின்னுக்கிட்டு "நான் எடுக்கலடா, நான் எடுக்கலடா"ன்னு அந்தக் கத்துக் கத்துது. மாப்பிள்ளை வீடு அப்பிடியே திரும்பிப் போயிருச்சு. அன்னைக்குப் போனவங்கதான். போலீசு வந்து கேஸப் போட்டு, அத்துமீறி நுழைஞ்சது, காயப்படுத்தினது, கடைப் பொருள ஒடச்சதுன்னு அடுக்கி, மேல ஒரு வரி. 'ஏற்கனவே மேற்படி கடையில் சேலை திருடி எழுதிக் கொடுத்தவர்.' அந்த எழுதிக் கொடுத்ததுக்குத்தான் சாட்சி நான். அங்கன்வாடி வேலையில இருந்து அந்தம்மாவ நிறுத்தி வச்சுட்டாங்கன்னு பேப்பர் போடுற பய எங்க கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனான்.

அந்த ஆடி மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைய யாராவது என் மண்டையில இருந்து எடுத்துட்டாங்கன்னா அவங்களுக்குக் கோயில் கட்டுவேன். தள்ளுபடிக் கூட்டம், கடைக்குள்ள மூச்சு விட எடமில்ல. எங்க கடையில மாடியில துணி எடுத்தா டோக்கன், கீழ ஒரு எடத்துல ரூவா கட்டணும், துணி தனியா இறங்கி எங்கிட்ட வரும், நான் டோக்கனப் பாத்து, பில்லப் பாத்து, துணியில மாட்டியிருக்கிற திருட்டு வில்லைய காந்தத்துல வச்சு டக்குன்னு கழட்டி, கவர்ல போட்டு, பில்லுல சீல் குத்திக் குடுக்கணும். வில்லையோட வாசலத் தாண்டினா மணி அடிக்கும். ரெண்டு கவுண்டருக்கு ஒரே காந்தம், இன்னொண்ணு உடைஞ்சு நாலு மாசம். கேட்டா வருது வருதும்பாங்க, அழகர் ஆத்துல இறங்க வந்த கதைதான், நாமதான் நின்னு பாக்கணும். உக்கார ஸ்டூல் குடுக்கணும்னு சட்டம் வந்ததுக்கு ஒரு ஸ்டூல் வந்துச்சு. அதுல எப்பவும் துணி மூட்டைதான் உக்காந்திருக்கும். காலையில ஒம்பதுல இருந்து நின்னு, சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கால் ரெண்டும் என்னுதா இல்லையான்னு தெரியல. பக்கத்துக் கவுண்டர் பிள்ளை காந்தத்த வாங்கிட்டுப் போனா. வில்லை கழட்டாத ஒரு மாம்பழக் கலர் சேலைய ஓரமா வச்சேன். யாருக்கோ அவசரம், யாரோ "ஏம்மா எம்புட்டு நேரம் நிக்கிறது"ன்னு கத்த, நான் பதிலுக்கு "நீங்க பத்து நிமிசமா நிக்கிறீங்க, நான் பதினாறு வருசமா நிக்கிறேன்"னு சொல்ல, அந்தச் சண்டைக்கு நடுவுல என் கை அதுபாட்டுக்கு வேலை பாக்குது. ரெண்டு கைலி, ஒரு நைட்டி, ஒரு சுடிதார் துணி, கவர்ல போட்டு, சீலக் குத்தி, நீட்டிட்டேன். வாங்கினது லூர்துசெல்வி. "நன்றிம்மா"ன்னுச்சு. அம்புட்டுக் கூட்டத்துல நன்றி சொன்ன ஒரே பொம்பளை. வாசல்ல மணி அடிச்சுச்சு.

சேலை அந்தம்மா கவர்லதான் இருந்துச்சு, மாம்பழக் கலரு, பில்லுல இல்ல. பின்னாடி ஸ்டாக் ரூம்ல உக்கார வச்சாங்க. நான் எடுக்கல சார், எனக்குத் தெரியாது சார். எல்லாரும் அதத்தான சொல்வாங்க? ராஜாங்கம் சார் கோவப்படவே இல்ல, அவரு கோவப்பட மாட்டாரு, "தெரியாம எடுத்துட்டேன், இனி வரமாட்டேன்னு ஒரு லெட்டர் எழுதுங்கம்மா, போலீசு கீலீசுன்னு போக வேணாம், நீங்க டீச்சர் வேற"ன்னாரு. முதல்ல எடுக்கலைன்னு எழுதுச்சு. கிழிச்சாரு. ரெண்டாவதும் எடுக்கல, கிழிச்சாரு. நாலாவது தடவ எழுதுச்சு, தெரியாமல் எடுத்துவிட்டேன்னு. குண்டு குண்டா எழுத்து, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில எழுதிப் போடுற மாதிரி. நாலாவது தடவையிலயும் எழுத்து கோடு தப்பல. "பொம்பளை சாட்சி வேணும், டெலிவரியக் கூப்பிடு." போனேன். அந்தம்மாவுக்கு வேர்த்து ஊத்துது. நான் என் பாட்டில்ல இருந்து தண்ணி குடுத்தேன். குடுத்துட்டு, கையெழுத்துப் போட்டேன். சத்தியமாச் சொல்றேன், அந்த நிமிசம் எனக்கு எதுவும் தெரியாது, திருடின்னுதான் நானும் நினைச்சேன், பாக்க நல்லவ மாதிரி இருக்கா பாருன்னுதான் நினைச்சேன். அரை மணி நேரங் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க வந்து நிக்குது, "எங்க கவர்ல ஒரு சேலை குறையுதுங்க, மாம்பழக் கலரு, பில்லுல இருக்கு, பையில இல்ல." பில்ல வாங்கிப் பாத்தேன். என் சீலு. அப்பத்தான் கை நினைச்சுப் பாத்துச்சு, மண்டை இல்ல, கை. ஓரத்துல வச்ச சேலைய எந்தக் குமியோட சேத்து அள்ளுனேன்னு கைக்கு ஞாபகம் வந்துச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஸ்டாக் ரூமுக்குப் போனேன், மேசையில கிடந்த சேலைய எடுத்தேன், டக்குன்னு வில்லையக் கழட்டினேன், கவர்ல போட்டு "ஸாரிங்கம்மா, ஒதுங்கிக் கிடந்துச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தேன். சிரிச்சேன். வாசல்ல ஒட்ட ஒரு போட்டோவும் பிடிச்சுட்டு லூர்துசெல்விய அப்பத்தான் வெளிய விட்டிருந்தாங்க, தெரு முக்கு கூடத் தாண்டியிருக்காது, ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா? ஏற்கனவே கவர் மாத்திக் குடுத்து ரெண்டு மெமோ, மூணாவதுக்கு வீட்டுக்குத்தான். நாப்பத்தாறு வயசுல வேற எந்தக் கடையில நிக்க விடுவான்? லெட்டரோட போயிருச்சு, போலீசுக்குப் போகல, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே, இந்தக் கடை இல்லேன்னா ஊர்ல வேற கடையா இல்ல? இப்பிடித்தான் ஆடியில இருந்து தை வரைக்கும் சோறு தின்னேன். அதுக்கப்புறம் கண்ணாடி உடைஞ்சுச்சு. கண்ணாடி நான் உடைக்கலையே. நான் தள்ளச் சொன்னேனா? கோவத்த அடக்கத் தெரியாதவ டீச்சர் வேலைக்கு எதுக்குப் போகணும்? ஆமா ஜெயக்கொடி, உனக்குத்தான் கோவத்த அடக்கத் தெரியும், பத்து நிமிசம் நின்ன பொம்பளைகிட்ட வாய் குடுக்கப் போயித்தான இம்புட்டும்.

"கொஞ்சம் நகந்துக்கிறீங்களா?" குரலு கேட்டே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. லூர்துசெல்வி. என் பக்கத்துலதான் எடம் இருக்கு, வேற எங்கயும் இல்ல, இந்தக் கோர்ட்டுல வேற எடமே இல்லையா கடவுளே! பாதியா இளைச்சிருக்கு. காதுல ஒண்ணுமில்ல, குச்சி சொருகியிருக்கு. என்னைப் பாத்துச்சு, நான் என் செருப்பப் பாத்தேன். "நீங்க அந்தக் கடைதான?" போச்சு. "அன்னைக்குத் தண்ணி குடுத்தீங்க." "ஆமாக்கா"ன்னேன். பாருங்க, ராஜாங்கம் சார் சொல்லிக் குடுத்த ஆமா, முதல் ஆமா, இங்கயே செலவாயிருச்சு. "அம்புட்டுப் பேரு இருந்தாங்க. உங்களுக்குத்தான் தோணுச்சு. நான் எம் மககிட்டக் கூடச் சொன்னேன், ஒருத்தி தண்ணி குடுத்தாடின்னு." அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். வாட்ச்மேனத் தள்ளுன கை, என்னை ஒரு அறை அறைஞ்சா ஆகாதா? மடியில கையக் கோத்துக்கிட்டு மெதுவாப் பேசுது, பிள்ளைகளத் தூங்க வைக்கிற குரலு. "இன்னைக்கு ஒத்துக்கப்போறேம்மா. வக்கீலு மனு எழுதிட்டாரு. ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுருவாங்களாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வந்து முடியல." நான் கேட்டிருக்கக் கூடாது. வாயி சும்மா இருக்கா? "வேலை என்னாகும்க்கா?" "போயிரும்னுதான் ஆபீஸ்ல சொல்றாங்க. போகட்டும்." டவாலி யாரோ ஒருத்தரக் கூப்பிட்டாரு, அந்தாளு ஓடினாரு. "வீரணன்ங்கிறவரத் தள்ளினது நெசம், அவரு கையப் பாக்கும்போதெல்லாம் மனசு பதறுது, அதுக்கு என்ன தண்டனைன்னாலும் சரி. ஆனா அந்தச் சேலை…" என் காதுக்குள்ள டக்குன்னு காந்தம் கேட்டுச்சு, உள்ள டைப் அடிக்கிற சத்தம்தான், எனக்குக் காந்தமாக் கேட்டுச்சு. "எனக்கே சந்தேகமாயிருச்சும்மா. நாலு தடவ எழுதினேன்ல? நாலாவது தடவ எழுதுறப்பவே ஒருவேளை எடுத்துட்டேனோன்னு வந்துருச்சு. மாம்பழக் கலரு எனக்குப் பிடிக்கும். மேல வச்சு ஆசையாத் தொட்டுப் பாத்தேன், அது நல்லா ஞாபகம் இருக்கு. என்னையறியாம கை எடுத்துப் போட்டுக்கிருச்சோ? எம் மக கேக்குறா, எடுத்தியாம்மா எடுக்கலையாம்மா, ஒரு வார்த்தை சொல்லும்மான்னு. சொல்லத் தெரியல. சொல்லத் தெரியாத அம்மாகூட என்ன பேசன்னு இப்பச் சரியாப் பேசுறதே இல்ல. ஒத்துக்கிட்டா ஒரு பதிலாவது கிடைச்சிரும்ல?"

எந்திரிச்சேன். ஒண்ணுக்குப் போற மாதிரி எந்திரிச்சு வேப்பமரத்தடிக்குப் போனேன், டீக்கடையில ராஜாங்கம் சார் வடையப் பிச்சுக்கிட்டு நிக்கிறாரு, முகமெல்லாம் சிரிப்பு. "உனக்கு வேலையே இல்ல ஜெயக்கொடி. அந்தம்மா ஒத்துக்கிடுது. சாட்சியே வேணாம்னுட்டாங்க. நீ கடைக்குப் போயிரு, முகூர்த்தக் கூட்டம் வரும்." கடைக்குப் போயிரு. பொய்யும் சொல்ல வேணாம், நெசமும் சொல்ல வேணாம், ஆமாவும் வேணாம். இதைத்தான தை மாசத்துல இருந்து மாரியாத்தாகிட்ட வேண்டுனேன்? தீச்சட்டி எடுக்கிறேன் ஆத்தா, என்னைக் கூண்டுல ஏத்திராதன்னு வேண்டுனது பலிச்சுப்போச்சு. ஓடு ஜெயக்கொடி, பஸ்ஸப் பிடி, போயி கவுண்டர்ல நில்லு. கேட்டு வரைக்கும் வந்துட்டேன். வெயிலு சுள்ளுனு அடிக்குது. ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்னு "பஸ் ஸ்டாண்டா?"ன்னான், மறுபடி "ஏம்மா, ஏறுறியா இல்லையா?"ன்னான். மாம்பழக் கலரு எனக்குப் பிடிக்கும். மேல வச்சு ஆசையாத் தொட்டுப் பாத்தேன். ஆசையாத் தொட்டா குத்தமாடி பாவி? கடைக்கு வர்ற அம்புட்டுப் பேரும் தொட்டுத்தான பாக்குறாங்க, தொட்டுப் பாக்கத்தான விரிச்சுப் போடுறோம்! அந்தக் கை எடுக்கல. எடுத்தது எங் கை. இந்தக் கை. ஒரு பொம்பளை தன் கைய நம்பாம, தன் மக மூஞ்சியப் பாக்க முடியாம, எனக்கு நன்றி சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கா. அதுவும் ஒரு வாய்த் தண்ணிக்கு. சோறு இறங்குமாடி உனக்கு இனிமே? மூணாவது மெமோ குடுத்தா குடுக்கட்டும். வீட்டுல எம் புருசன் கத்துவாரு, கத்தட்டும், பதினாறு வருசமா நின்ன காலு, எங்கயாவது ஒரு எடத்துல உக்காந்துதான் பாக்குமே. பயமா இருக்கு. பயமாத்தான் இருக்கு, இல்லேங்கல. போலீசு என்னையப் பிடிச்சுப் போட்டா? மறைச்சதுக்குக் கேஸு உண்டான்னு யாருகிட்டக் கேக்க? ராஜாங்கம் சாருகிட்டயா? ஆட்டோக்காரன் போயிட்டான். அவன் போனப்புறம்தான் நான் திரும்பி நடக்குறேன்னு எனக்கே தெரிஞ்சுச்சு.

"லூர்துசெல்வி!" டவாலி முதத் தடவ கத்திட்டாரு. வராண்டாவுல ஓடுறேன், ஒரு வக்கீலு மேல இடிச்சு அவரு ஏதோ திட்டுறாரு, திட்டுங்க. அந்தம்மா எந்திரிச்சு முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு வாசப்படிகிட்டப் போயி செருப்பக் கழட்டுது. கோயிலுக்குக் கழட்டுற மாதிரி ஓரமா, ஜோடியா வைக்குது. கையப் பிடிச்சேன். "அக்கா, ஒத்துக்காதீங்க." திரும்பிப் பாத்துச்சு. "அந்தக் கவரப் போட்டது நான்தான்க்கா. வேற ஒருத்தங்க சேலை. கை மாறி உங்க கவர்ல போட்டுட்டேன். அன்னைக்கே தெரியும். அவங்க வந்து கேட்டாங்க, எடுத்துக் குடுத்துட்டேன், வாயே திறக்கல." நான் மனசுக்குள்ள எம்புட்டோ அடுக்கி வச்சிருந்தேன், காந்தம், ஸ்டூலு, மெமோ, காலு வலி. ஒண்ணும் வரல, இம்புட்டுத்தான் வந்துச்சு. "லூர்துசெல்வி!" ரெண்டாவது. அறையும்னு கண்ண மூடினேன். அறை விழல. கண்ணத் தொறந்தா அந்தம்மா என்னைப் பாக்கவே இல்ல, தன் வலது கையப் பாத்துக்கிட்டு நிக்குது. "அப்ப நான் எடுக்கலையா?"ன்னு கேட்டுச்சு. "இல்லக்கா." "எடுக்கலையா?" "நீங்க எடுக்கலக்கா. மாதா மேல சத்தியமா எடுக்கல." அந்தம்மா வக்கீலு ஓடியாந்து "என்னம்மா நிக்கிறீங்க, உள்ள வாங்க"ன்னு தோளத் தொடுறாரு. தட்டிவிட்டுச்சு. எனக்குப் பின்னாடி ராஜாங்கம் சாரு குரலு, "ஜெயக்கொடி, நீ இன்னும் போகல?" "உள்ள வந்து சொல்றேன்க்கா, அய்யாகிட்டச் சொல்றேன், எங்க வேணாலும் சொல்றேன்"னு நான் அழுகுறேன், எப்ப அழுக ஆரம்பிச்சேன்னு தெரியல. "சொல்லுவ. சொல்லித்தான் ஆகணும் நீ" அப்பிடின்னுச்சு. முதத் தடவயா நீன்னுச்சு. பைக்குள்ள கைய விட்டு போன எடுத்துச்சு, பழைய பட்டன் போனு, ரெண்டு தடவ தப்பா அமுக்கி, என் கையில திணிச்சுச்சு. "முதல்ல எம் மககிட்டச் சொல்லு." "லூர்துசெல்வி!" மூணாவது. "வர்றாங்கய்யா, வர்றாங்கய்யா"ன்னு வக்கீலு உள்ள ஓடுறாரு. அந்தம்மா நகரல, என் வாயையே பாத்துக்கிட்டு நிக்குது. காதுல மணி போகுது. எடுத்தாச்சு. எடுத்தவுடனே ஒரு பொம்பளப்பிள்ளை குரலு, சலிச்சுப்போன குரலு. "என்னம்மா, ஒத்துக்கிட்டியா?"

"இல்ல பாப்பா. அம்மா இல்ல. நான் ஜெயக்கொடி பேசுறேன், கடையில கவர் போடுறவ."